போஞ்சி வேரழுகலுக்கு டி.என்.ஏ பரிசோதனை: ஒரு சேவை மதிப்பீடு

வெலிமடையிலுள்ள எங்கள் தோட்டத்தில் போஞ்சிச் செடிகள் அடித்தண்டு செம்பழுப்பாகி வாடியபோது, ஊகத்தில் மருந்து தெளிப்பதைத் தவிர்த்து, டி.என்.ஏ முறையில் பங்கசுகளை இனங்காணும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரிகளை அனுப்பினேன். முற்றாக அழுகிய செடியை விட்டு, நோயுற்ற பகுதியும் நல்ல பகுதியும் சந்திக்கும் விளிம்பைக் கடதாசிப் பையில் இட்டு அனுப்புமாறு அவர்கள் முதலிலேயே அறிவுறுத்தியது மிகப் பயனுள்ளதாக இருந்தது. பொலித்தீன் பைக்குள் ஈரம் தேங்கினால், அழுகலில் வளரும் வேறு பங்கசுகள் பெருகி உண்மையான நோய்க்காரணியை மறைத்துவிடும்.

அறிக்கை எட்டு நாட்களில் வந்தது. ஆயினும், 2012 இல் பங்கசுகளுக்கான பொதுப் பட்டைக்குறியாக, அதாவது இனத்தை அடையாளங்காட்டும் டி.என்.ஏ துண்டாக, முன்மொழியப்பட்ட ஐ.டி.எஸ் பகுதியை மட்டும் வாசித்து, 'பியூசேரியம்' என்ற பங்கசுப் பேரினத்தின் பெயரோடு நிறுத்தியிருந்தார்கள். இது பெரிய குறை. நெருங்கிய உறவுள்ள பியூசேரியம் இனங்கள் பலவற்றை அப்பகுதி பிரித்துக் காட்டாது. மண்ணில் தீங்கின்றி வாழும் பியூசேரியங்களும் உண்டு. நான் வற்புறுத்திய பின்னர், மேலதிகக் கட்டணத்துடன், இந்த இனங்களை மேலும் நன்றாகப் பிரித்துக் காட்டும் நீட்சிக் காரணி மரபணுவையும் வாசித்து, எங்கள் மாதிரியிலிருந்த பங்கசு, போஞ்சி வேரழுகலை உண்டாக்கும் பியூசேரியம் சொலானி என்ற நெருங்கிய இனங்களின் தொகுதியைச் சேர்ந்தது என அறிவித்தார்கள். அந்த இரண்டாம் வாசிப்பை அடிப்படைக் கட்டணத்திலேயே சேர்க்க வேண்டும் என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த போகத்தில் அந்தப் பாத்திகளில் போஞ்சி நடப்போவதில்லை.