ஸ்ட்ராம்பெர்க் 97: கோலாலம்பூர் சூட்டில் தாக்குப்பிடிக்குமா?

ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜின் வைத்திருப்பவர் ஸ்ட்ராம்பெர்க் 97-ஐ, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் இந்தக் கார்புரேட்டரை, நம்பி வாங்கலாம். பெட்டியைப் பிரித்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிடும் என்று நினைப்பவர் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்வது நல்லது.

ஹாட் ராடு, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார், என்றதும் பழைய ஆட்களுக்கு நினைவுக்கு வருவது 1932 ஃபோர்டும், அதன் இன்ஜின் மேல் வரிசையாக நிற்கும் ஸ்ட்ராம்பெர்க்குகளும்தான். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன் என்று அந்த ஆண்டு வந்த வி8-க்கு, 1936 முதல் 1938 வரை ஃபோர்டே போட்டுக் கொடுத்தது 97. காற்று போகும் குறுகிய தொண்டையான வெஞ்சுரியின் விட்டம் 0.97 அங்குலம் என்பதால் அந்த எண். 1955-இல் செவர்லே தன் சிறிய வி8-ஐக் கொண்டுவந்ததும் ஃபிளாட்ஹெட்டின் மவுசு சரிந்தது. இன்றைக்கு அமெரிக்கக் கண்காட்சிகளிலேயே கமாரோ, சி10 பிக்கப் கூட்டத்துக்கு நடுவில் பழைய ராடுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே மலேசியாவில், செர்டாங்கில் நடக்கும் ஆர்ட் ஆஃப் ஸ்பீடு கார் கண்காட்சி போன்ற இடங்களுக்குப் போனால் டத்சன், மினி, வோக்ஸ்வேகன், மோட்டார் சைக்கிள் என்று கண்ணுக்கு விருந்துதான். ஃபிளாட்ஹெட் சத்தம் மட்டும் அபூர்வம்.

இதற்கு ரசனை மாறிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஜப்பான் காருக்கு இன்ஜின் வேண்டுமென்றால் ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களை விற்கும் இடம்) கிடைக்கும், தூக்கிப் போட ஃபோர்மேனும் (மெக்கானிக்) கிடைப்பார். மூன்று கார்புரேட்டரைச் சமப்படுத்தத் தெரிந்த கைகளோ குறைந்துகொண்டே வருகின்றன. நடுரோட்டில் இரண்டு தடவை பெட்ரோல் வழிந்து நின்ற கார் மூன்றாவது தடவை வெளியே வருவதில்லை, தார்பாய்க்கு அடியில் போய்விடுகிறது. பிரிட்டனில் புதிதாகத் தயாராகும் இந்த 97, அந்தச் சிக்கலில் ஒரு பாதியைத் தீர்க்கிறது.

எந்தப் பாதி என்றால், தேய்மானம். பழைய 97 துத்தநாகக் கலவையில் வார்த்தது. வருடக்கணக்கில் ஆளாளுக்கு முறுக்கியதில் அடிப்பகுதி வளைந்திருக்கும், காற்றின் அளவை மாற்றும் த்ராட்டில் ஷாஃப்ட் ஓடும் துளை அகன்றிருக்கும். இரண்டு வழியிலும் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஒரு நாளும் நிலைக்காது. பழையதை வாங்குவதாக இருந்தால் அடிப்பகுதியைக் கண்ணாடி மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இரண்டும் ஆடினால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். புதியதில் இந்தத் தொல்லை இல்லை. அதே மூன்று போல்ட் அடிப்பகுதி, பழைய மேனிஃபோல்டில் (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்த் தொகுதி) அப்படியே உட்காரும். போல்ட்டுகளை மட்டும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கினால் புதியதும் வளையும்.

எத்தனை வாங்குவது? 239 கன அங்குல ஃபிளாட்ஹெட் நிமிடத்துக்கு 4000 சுற்றில் இழுக்கும் காற்றைக் கணக்குப் போடுங்கள்: 239-ஐ 4000-ஆல் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு சுமார் 277 கன அடி. ஃபிளாட்ஹெட் அதில் 80 விழுக்காட்டை நிரப்பினாலே பெரிய விஷயம், அதாவது 220. ஒரு 97 ஏறக்குறைய 150 கன அடி விடும். ஆக இரண்டு போதும். மூன்றாவது அழகுக்கு. அழகுக்காக வைப்பது பாவமில்லை, ஆனால் டியூனிங் வேலை கூடும் என்று தெரிந்தே வையுங்கள். 1948 வரை வந்த இன்ஜின்களில் ஜெனரேட்டர் மேனிஃபோல்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும். இரட்டை மேனிஃபோல்டு போட்டால் அதை நகர்த்த வேண்டிவருமா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பெட்ரோல் அழுத்தம். மாட்டுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 97-க்கு 2.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2.5 பவுண்டு) போதும். சந்தையில் கிடைக்கும் புதுப் பம்புகள் பல இதைவிட அதிகமாகத் தள்ளும். ஊசி வால்வு அந்த அழுத்தத்தை அடக்க முடியாமல் வழியும். ரெகுலேட்டர் போட்டு, அதற்குப் பிறகு ஒரு சிறிய கேஜ் வைத்து அளக்க வேண்டும். மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் மேல் விளிம்பிலிருந்து 15/32 அங்குலம், அதாவது சுமார் 12 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். சோதிக்க ஒரு சுலபமான வழி: ஐடிலில் ஓடும்போது டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். மெயின் நாசிலிலிருந்து சொட்டு விழுந்தால் மட்டம் அதிகம், அல்லது அழுத்தம் அதிகம். சொட்டு இல்லாமலே ஸ்பார்க் பிளக் கறுத்தால், முழு வேகத்தில் கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம்.

பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை 0.045 அங்குலத்தில் ஆரம்பியுங்கள், பிளக் நிறம் பார்த்துப் படிப்படியாகக் குறைக்கலாம். மிக்ஸ்சர் திருகுகள் முழுக்க மூடி ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே. இரண்டு கார்புரேட்டரின் இணைப்புக் கம்பியையும் கழற்றிவிட்டு, காற்று அளவியை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்து ஐடிலைச் சமப்படுத்தி, பிறகுதான் கம்பியை மாட்ட வேண்டும். கம்பியோடு சேர்த்துச் சரிசெய்யப் பார்ப்பவர் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார். ஆக்சிலரேட்டர் பம்ப் இணைப்பை நம் சூட்டுக்குக் குறுகிய வீச்சுத் துளையில் போடுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் இங்கே பெரும்பாலும் அலங்காரம்தான்.

இனி சூடு. ஃபிளாட்ஹெட்டில் எக்ஸாஸ்ட் வாயு இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே தண்ணீர் ஓடும் பகுதி வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. ஒவ்வொரு பக்கமும் நடுவில் உள்ள இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல். அதனால் பிளாக்கே கொதிக்கும். ஜாலான் துன் ரசாக்கில் மாலை ஐந்தரை மணி ஜாமில் நின்றுவிட்டு இன்ஜினை அணைத்தால், மிதவை அறையில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் இறங்கும். திரும்ப ஸ்டார்ட் ஆகாது. பழைய இயந்திரப் பம்ப் மேனிஃபோல்டின் பின்னாலேயே உட்கார்ந்திருப்பதால் பெட்ரோல் அங்கேயே ஆவியாகவும் வாய்ப்புண்டு. இதற்குக் கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியில் சூடு கடத்தாத பேக்கலைட் ஸ்பேசர், டேங்க் பக்கத்தில் மின்பம்ப், இன்ஜின் மேல் ரப்பர் ஹோஸுக்குப் பதில் இரும்புக் குழாய்: இந்த மூன்றையும் செய்யாமல் ஜாமில் இறங்க வேண்டாம். மின்பம்புக்கு, இன்ஜின் நின்றால் தானாக நிற்கும் சுவிட்ச் கட்டாயம். வழியும் பெட்ரோலும் சூடான எக்ஸாஸ்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

பெட்ரோல் தரம் பற்றிக் கவலை வேண்டாம். இந்த இன்ஜின்களின் கம்ப்ரஷன் குறைவு, ரோன்95 தாராளம். 97-க்கு ரோன்97 ஊற்றுவது எண் பொருத்தம் மட்டுமே.

மாற்று வேண்டுமா? 1938-க்குப் பிறகு ஃபோர்டு போட்ட ஹோலி 94 இருக்கிறது, பழையதைச் செப்பனிட்டால் செலவு குறைவு. ஒற்றையாகப் போட நல்ல பொருள். அதன் பவர் வால்வு வேக்குவத்தால் இயங்குவதால், பெரிய கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்துவைக்கும் தண்டு) போட்டு இரண்டு மூன்றாக வைக்கும்போது ஐடிலிலேயே திறந்துகொண்டு பெட்ரோலைக் குடிக்கும். 97-இல் அந்த வால்வை பம்ப் இணைப்பே தள்ளுவதால் அந்தத் தொல்லை கிடையாது. பல கார்புரேட்டருக்கு 97-தான் என் தேர்வு.

விலை ஒன்றுக்கே நாலு இலக்க ரிங்கிட், கப்பல் செலவு தனி. மட்கார்ட் கழற்றிய கார் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கண்ணில் பட்டால் வரும் செலவு அதற்கு மேல். ஆர்டர் செய்யும்போதே 0.043, 0.044 ஜெட்டுகள், ஒரு கேஸ்கெட் செட், பவர் வால்வைக் கழற்றும் தனிச் சாவி மூன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். சாவி இல்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வால்வின் பித்தளைத் தலை பிய்ந்துவிடும்.