டிக்கெட் விற்காத டிக்கெட் தளம்: பெங்களூரிலிருந்து பறப்பவர்களுக்கு ஐடிஏ மேட்ரிக்ஸ்

ஐடிஏ மேட்ரிக்ஸ் என்பது விமானக் கட்டணங்களைத் தேடிக் காட்டும் தளம், ஆனால் அதில் டிக்கெட் வாங்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அரை மணி நேரம் தேடிவிட்டுப் பணம் கட்டும் பட்டன் எங்கே என்று கேட்பவர்கள் நிறைய. தேடல் முடிந்ததும், 'விவரத்தை எடுத்துக்கொண்டு ஏஜெண்டிடம் போ' என்கிற மாதிரி நின்றுவிடும். பிறகு எதற்கு இந்தத் தளம்? மற்ற தளங்கள் கண்ணில் காட்டாத ஒன்றை இது காட்டுகிறது: நீங்கள் வாங்கப்போகும் எக்கானமி டிக்கெட் எந்த எழுத்து என்பதை. விமான நிறுவனங்களின் வாடிக்கையாளர் திட்டங்களில் 'மைல்' என்ற வெகுமதிப் புள்ளிகளைச் சேர்ப்பவருக்கு விலைக்கு அடுத்தபடி தெரிய வேண்டியது அதுதான்.

எம்ஐடி கணினி ஆட்கள் 1996-ல் தொடங்கிய ஐடிஏ சாஃப்ட்வேர் நிறுவனத்தின் தேடுபொறி இது. 70 கோடி டாலருக்கு வாங்குவதாக 2010 ஜூலையில் அறிவித்த கூகுள், 2011 ஏப்ரலில் வாங்கி முடித்தது. கூகுள் ஃப்ளைட்ஸ் அதே குடும்பத்துப் பிள்ளை. பார்க்க லட்சணமாக இருக்கும். மேட்ரிக்ஸ் கணக்குப் பிள்ளை. இலவசம்தான், லாகின் கூடத் தேவையில்லை.

எழுத்து விவகாரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். எக்கானமி கேபினை எந்த நிறுவனமும் ஒரே விலையில் விற்பதில்லை. பத்துப் பன்னிரண்டு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் ஆங்கில எழுத்து வைத்து விற்கிறது. உட்காரும் சீட் ஒன்றே, சாப்பாடும் ஒன்றே. எழுத்து மட்டும் வேறு. ஒய் என்றால் முழு விலை எக்கானமி, இது ஏறக்குறைய எல்லா இடத்திலும் பொது. அதற்குக் கீழே பொது ஒழுங்கு எதுவும் கிடையாது. டபிள்யூ என்பது பிரிட்டிஷ் ஏர்வேஸில் பிரீமியம் எக்கானமி. லுஃப்தான்ஸாவில் சாதா எக்கானமி. 'போன தடவை டபிள்யூவுக்கு நல்ல மைல் வந்ததே' என்று வேறு நிறுவனத்தில் அதே எழுத்தைத் தேடி வாங்குவது வீண்.

இதில் எவ்வளவு போகிறது என்பதற்கு ஒரு கணக்கு. பெங்களூரிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு நேர் தூரம் சுமார் 4,600 மைல், போய்வர 9,200. தூரக் கணக்கில் மைல் தரும் திட்டம் ஓர் எழுத்துக்கு 100 சதவீதமும் இன்னோர் எழுத்துக்கு 25 சதவீதமும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 9,200, பக்கத்து சீட்காரருக்கு 2,300. வித்தியாசம் 6,900 மைல். ஒரு மைலுக்கு 60 பைசா என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 4,140 ரூபாய். அந்த இரண்டு எழுத்துகளுக்கும் இடையே டிக்கெட் விலை அதைவிடக் குறைவாக ஏறினால், மேல் எழுத்தை வாங்குவது லாபம். அதிகமாக ஏறினால் மைலை மறந்துவிட்டு மலிவான டிக்கெட்டை எடுங்கள். இந்த ஒப்பீட்டைக் காசு கட்டுவதற்கு முன்பே செய்ய வைப்பதுதான் மேட்ரிக்ஸின் உண்மையான பயன்.

செய்வது எப்படி? ஊர், தேதி போட்டதும் தேடிவிடாதீர்கள். அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ் என்பதைத் திறந்தால் ரூட்டிங் கோட், எக்ஸ்டென்ஷன் கோட் என்று இரண்டு பெட்டிகள் வரும். இங்கே தமிழில் எழுதுவதைப் பெட்டியில் ஆங்கில எழுத்தாக அடிக்க வேண்டும். ரூட்டிங்கில் 'எஸ்க்யூ' என்று மட்டும் போட்டால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஒரே விமானத்தில் போகும் வழி மட்டும் வரும். பின்னால் கூட்டல் குறி சேர்த்தால் ஒன்றோ அதற்கு மேலோ. 'ஓ:எல்எச்+' என்றால் லுஃப்தான்ஸாவே ஓட்டும் விமானங்கள் மட்டும். ஒரு நிறுவனம் விற்று வேறொரு நிறுவனம் ஓட்டும் கோட்ஷேர் குழப்பத்தை வடிகட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் நமக்கு முக்கியம். முதலில் அதைக் காலியாக விட்டுத் தேடி, மிகக் குறைந்த விலைக்கு என்ன எழுத்து வருகிறது என்று பாருங்கள். முடிவுகளில் ஒன்றைத் திறந்தால் வரும் விவரப் பக்கத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் பக்கத்தில் எக்கானமி என்று போட்டு அடைப்புக்குறிக்குள் எழுத்து இருக்கும். பிறகு உங்கள் மைல் திட்டத்தின் அட்டவணையில் அதற்கு மேலே உள்ள எழுத்தை எடுத்து, 'எஃப் பிசி=க்யூ' என்கிற பாணியில் (பிசி என்பது புக்கிங் கிளாஸ்) போட்டு மறுபடி தேடுங்கள். இரண்டு எழுத்தில் எது கிடைத்தாலும் சரி என்றால் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு: 'எஃப் பிசி=க்யூ|பிசி=என்'. இரண்டு தேடலின் விலையையும் கழித்தால் மேலே சொன்ன கணக்குக்கு வேண்டிய எண் கையில். சீட் இருக்கும் விமானங்களை மட்டும் காட்டு என்ற டிக்கை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் விற்றுத் தீர்ந்த விலையெல்லாம் வந்து ஆசை காட்டும்.

மே மாத லீவுக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறவர்கள் காலண்டர் தேடலைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கும் மலிவு விலையை நாள்வாரியாகக் கட்டம் போட்டுக் காட்டும். இரண்டு நாள் முன்னே பின்னே நகர்ந்தால் விலை மட்டும் அல்ல, எழுத்தும் மாறும்.

மாறிப் போகும் பயணங்களில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெங்களூர்–டெல்லி ஒரு செக்டர், டெல்லியிலிருந்து வெளிநாடு அடுத்த செக்டர். டிக்கெட் ஒன்றுதான் என்றாலும் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து இருக்கலாம். ஒரு செக்டரின் எழுத்துக்கு அந்தத் திட்டத்தில் பூஜ்யம் என்றால் மைல் பாதி வழிக்குத்தான் ஏறும். மேட்ரிக்ஸ் செக்டர்வாரியாகக் காட்டுவதால் இதை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

விவரப் பக்கத்தின் கீழ்ப்பகுதியை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. ஆனால் சரக்கே அங்கேதான். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஃபேர் பேசிஸ் கோட், அதாவது அந்தக் கட்டணத்தின் குறியீடு, ஒன்று இருக்கும். முதல் எழுத்து பெரும்பாலும் அந்த அடுக்கின் எழுத்தேதான். அதற்குப் பின்னால் வருவதை நிறுவனங்கள் இஷ்டத்துக்கு அமைக்கின்றன. எல், எச் வந்தால் பெரும்பாலும் சீசன். எக்ஸ், டபிள்யூ என்றால் வாரநாள், வாரக்கடைசி. 3எம் மாதிரி ஏதாவது வந்தால் அதிகபட்சம் மூன்று மாதம். கடைசியில் ஐஎன் என்றால் இந்தியாவில் தொடங்கும் பயணத்துக்கான கட்டணம். இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஊகத்துக்கு உதவும். சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே ரூல்ஸ் என்ற இணைப்பு இருக்கிறது. திறந்தால் பெரிய எழுத்தில் கிறுக்குத்தனமான ஆங்கிலம் கொட்டும். முழுதும் படிக்கத் தேவையில்லை. 5-ஆம் பிரிவு எத்தனை நாள் முன்னால் வாங்க வேண்டும், 6-ம் 7-ம் குறைந்தபட்ச, அதிகபட்சத் தங்கல், 16-ஆம் பிரிவு ரத்து மற்றும் தேதி மாற்ற அபராதம். கம்பெனி வேலையாக வெளிநாடு (ஆன்சைட்) போகிறவர்கள், திரும்பும் தேதி நிச்சயம் இல்லாதவர்கள் 16-ஐப் பார்க்காமல் காசு கட்டக் கூடாது.

அடுத்து வரி வரிசை. ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்பது நிறுவனமே வசூலிக்கும் கூடுதல் கட்டணம். கே3 என்பது ஜிஎஸ்டி, இங்கே வரும் ஐஎன் என்பது விமான நிலையப் பயனாளர் கட்டணம், பி2 பாதுகாப்புக் கட்டணம். இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், பல திட்டங்கள் இப்போது தூரத்துக்கு அல்ல, செலவுக்கு மைல் தருகின்றன. ஏர் இந்தியா 2024-ல் அப்படி மாறியது. ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் என்ற பழைய பெயரும் 2025-ல் மகாராஜா கிளப் ஆகிவிட்டது. செலவுக் கணக்கில் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணமும் நிறுவனத்தின் கூடுதல் கட்டணமும்தான் சேரும். அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் சேராது. 50,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 50,000-க்கும் மைல் வரும் என்று எண்ணிவிட்டு, பிறகு குறைகிறதே என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடுவதில் பயனில்லை. சொந்த விமானத்துக்குச் செலவுக் கணக்கு, கூட்டணி விமானத்துக்கு எழுத்தும் தூரமும் என ஒரே திட்டத்தில் இரண்டும் இருப்பது இப்போது சகஜம்.

எந்த எழுத்துக்கு எந்தத் திட்டம் எத்தனை சதவீதம் என்பதை மேட்ரிக்ஸ் சொல்லாது. அதற்கு 'வேர் டு கிரெடிட்' என்ற தனித் தளம் இருக்கிறது. நிறுவனத்தையும் எழுத்தையும் கொடுத்தால் எல்லாத் திட்டங்களையும் வரிசைப்படுத்தித் தரும். ஏர் இந்தியாவும் உள்ள ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் விமானத்தில் போகிறவருக்கு ஏர் இந்தியா கணக்கிலேயே ஏற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது அங்கே போனால் பளிச்சென்று தெரியும். ஆனால் அட்டவணைகள் மாறும்போது தளம் பின்தங்கிவிடும், ஆகவே கடைசியில் அந்தத் திட்டத்தின் சொந்தப் பக்கத்தில் ஒரு முறை சரிபாருங்கள். சதவீதம் மட்டும் போதாது, ஆயுளும் பாருங்கள்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு மூன்று வருடம்தான்.

குறைகள். பட்ஜெட் நிறுவனங்கள் பல இதில் வருவதே இல்லை, வந்தாலும் விலை பொருந்துவதில்லை. சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போக இதைத் திறப்பது கொசுவுக்குக் கோடாலி. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் தளத்தில் மட்டும் தரும் நேரடி விலை, மாணவர் கட்டணம், கம்பெனி ஒப்பந்தக் கட்டணம், ஏஜெண்ட் கையில் உள்ள குரூப் கட்டணம் எதுவும் இதில் தெரியாது. சிவாஜிநகர் ஏஜெண்ட் மேட்ரிக்ஸைவிடக் குறைவாகச் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் எழுத்து என்ன என்று கேட்டுவிடுங்கள், குரூப் கட்டணங்களில் பல மைலே தராதவை. கைப்பேசியில் இந்தத் தளம் ஒரு தண்டனை, லேப்டாப்பில் பாருங்கள். வாங்கும்போது அதே விமான எண்களையும் தேதியையும் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, பணம் கட்டுமுன் அங்கே காட்டும் எழுத்தைப் பொருத்திப் பாருங்கள்.

தளத்துக்குச் சம்பந்தமில்லாத, நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ள தமிழ்ப் பெயர்களுக்கு டிக்கெட்டில் சிலர் பெயரை இரண்டு முறை போடுவார்கள், சிலர் முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிரப்புவார்கள். மைல் கணக்கில் இனிஷியலோடு பதிந்திருந்தால் இரண்டும் ஒட்டாது, மைல் ஏறாது. கணக்கைத் திறக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் போட்டுவிடுங்கள். இனிஷியலைத் தந்தை பெயராக விரித்து எழுதிய பாஸ்போர்ட் என்றால் கணக்கிலும் அப்படியே.

மைல் ஏறும்வரை போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். விடுபட்ட மைலைக் கிரிஸ்ஃப்ளையரில் 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும். கேட்கும்போது ஆறு எழுத்து பிஎன்ஆர் மட்டும் போதாது, 13 இலக்க டிக்கெட் எண்ணும் வேண்டும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட் யாருடையது என்று சொல்லிவிடும்: 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 220 லுஃப்தான்ஸா.