கும்பகோணத்துக் கடையில் ஒரு சீன ஜாடி

மகாமகக் குளத்துப் பக்கம் இருக்கும் இந்தப் பழம்பொருள் கடையில் நீல வெள்ளைச் சீன ஜாடியைக் காட்டி, பழையதா என்று கேட்டேன். "இல்லை அம்மா, புது நகல்தான்" என்றார் கடைக்காரர். அந்த நேர்மைக்கே முழு மதிப்பெண்.

ஜாடி முழுக்கத் தாமரைக் கொடி. சீனர்களுக்கும் அது தூய்மையின் சின்னம். கழுத்தில் பியோனி மலர், அது செல்வத்துக்கு. 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டெஜென் நகரக் குயவர்கள் பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட் என்ற நீல நிறமியால் சுடாத மண்மீது வரைந்து, மேலே கண்ணாடிப் பூச்சிட்டு, ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸில் சுட்டார்கள். நீலம் பூச்சுக்கு அடியில் தங்கிவிடுவதால் எளிதில் தேயாது. இந்த நகலில் இலைகளெல்லாம் ஒரே அச்சு. தூரிகை அழுத்திய இடத்தில் நீலம் கருத்துத் திரளும் அழகு இல்லை. விலையும் சற்று அதிகம். ஆனால் பித்தளை விளக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.