லினக்ஸ் மின்ட், மூன்று வருடம், காணாமல் போன ஒரு ‘க’

போன வாரம் மச்சினன் கூப்பிட்டான். “அத்தான், என் லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 ஏறாதாம். நீங்க வச்சிருக்கீங்களே அந்த லினக்ஸ், அதப் போட்டா ஓடுமா?” லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்தான் நான் வைத்திருப்பது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. அதிலிருந்து இதே கேள்வியோடு வரும் நான்காவது ஆள் இவன். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை.

என் லேப்டாப் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கிடையாது, அதனால் அந்தப் பக்கம் நினைத்தே பார்க்க முடியாது. 2022 கடைசியில் மின்ட் 21-இன் சின்னமன் பதிப்பைப் போட்டேன். அதே வாரம் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி, கூட ஒரு 4 ஜிபி ரேம் மாட்டினேன். ஆகவே “மின்ட் போட்டதும் பறக்குது” என்று நான் யாரிடமாவது அளந்தால், அதில் பாதி எஸ்எஸ்டிக்குச் சேர வேண்டிய பேர்.

வைஃபை, ஒலி, வெப்கேம் எல்லாம் முதல் நாளே வேலை செய்தன. 2024-இல் மின்ட் 22 வந்தபோது, டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் இயங்குதளத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அதற்கு மாறினேன். ஒரு சாயங்காலம் போயிற்று, வேறு சேதமில்லை. 2029 வரை அப்டேட் வரும். இதற்கு மேல் அந்தப் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

என் பிரச்சினை வேறு. எனக்குத் தொழில் மெய்ப்பு பார்ப்பது. நாள் முழுக்கத் தமிழ்99 விசைப்பலகை முறையில்தான் அடிப்பேன். விண்டோஸில் அதற்கு என்ஹெச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் வைத்திருந்தேன். அது லினக்ஸுக்குக் கிடையாது. மின்ட் விசைப்பலகை அமைப்பைத் திறந்தால் பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்று அழகாக நிற்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பெயர் அது, தமிழ்99 அங்கேதான் முடிவானது. வேறென்ன வேண்டும் என்று தேர்ந்தெடுத்தேன்.

‘அம்மா’ என்று அடித்தேன். அ, ம, ம, ஆ, நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதில் தானாகப் புள்ளி விழ வேண்டும், ங-வுக்குப் பிறகு க வந்தாலும் அப்படியே. தமிழ்99-இன் உயிரே அதுதானே. இங்கே புள்ளி விழவே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் எஃப் சாவியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஒரு சாவிக்கு ஓர் எழுத்து என்பதோடு அந்த அமைப்பின் வேலை முடிந்தது. முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று அது பார்க்காது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். பிறகுதான் தெரிந்தது, வேண்டியது ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் பொதி. ஐபஸ் என்பது லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் அமைப்பு. அதை நிறுவி, ஐபஸ் விருப்பத்தேர்வுகளில் தமிழ்99-ஐச் சேர்த்தால் புள்ளி ஒழுங்காக விழுகிறது. மொழி மாற்ற சூப்பர் சாவியும் ஸ்பேஸும். என் லேப்டாப்பில் அந்தச் சாவியின் தலையில் இன்னும் விண்டோஸ் சின்னம்தான் இருக்கிறது, அது கிடக்கட்டும்.

ஆனால் இந்த முறையில் கடைசியாக அடித்த எழுத்து உடனே தாளில் உட்காராது. கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டு, அடுத்து உயிர் வருமா புள்ளி வருமா என்று காத்திருக்கும். தொடர்ந்து அடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அடுத்த எழுத்தோ ஸ்பேஸோ வந்ததும் உட்கார்ந்துவிடும். மெய்ப்புக்காரன் அப்படி அடிப்பதில்லை. ஓரிடத்தில் ஓர் எழுத்தைச் செருகுவான், உடனே மவுஸை எடுத்து நாலு வரி தள்ளிச் சொடுக்குவான். சொடுக்கிய கணத்தில் கோடு போட்டு நின்ற எழுத்து போய்விடுகிறது. சில நேரம் சுத்தமாகக் காணோம். சில நேரம் புதிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அது அதைவிட மோசம். நான் வேலை பார்க்கும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் எனக்கு இது வாரத்துக்கு இரண்டு முறையாவது நடக்கிறது.

மச்சினன் கூப்பிட்ட அன்று நடந்தது இதுதான். எழுபது வயதைத் தாண்டிய ஓர் எழுத்தாளருக்கு மெய்ப்புப் படிகளைத் திருப்பி அனுப்பினேன். மேலே ஒரு குறிப்பு: ‘ஐயா, மாற்றம் இருந்தால் குறித்து அனுப்புக’. கடைசி ‘க’வுக்குப் பிறகு முற்றுப்புள்ளி வைக்காமல் வேறிடம் சொடுக்கியிருக்கிறேன். அவருக்குப் போய்ச் சேர்ந்தது ‘ஐயா, மாற்றம் இருந்தால் குறித்து அனுப்பு’. பதில் வந்தது: “அனுப்புகிறேன் தம்பி.” அந்த ‘தம்பி’யில் என்ன இருந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. எழுத்தை அடித்ததும் வலப்பக்க அம்புக்குறியை ஒரு தட்டு தட்டிவிட்டு மவுஸைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. மூன்று வருடமாக விரலுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவசரம் என்றால் விரல் கேட்பதில்லை.

நியாயமாகப் பேசினால், காசு கொடுக்காமல் வாங்கியது, பதினோரு வயது இயந்திரம், மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட மறுபடி நிறுவியதில்லை. வைரஸ் பயமென்று ராத்திரி எழுந்து உட்கார்ந்ததில்லை. நடு வேலையில் அப்டேட் என்று சொல்லி என்னைக் காக்க வைத்ததில்லை. இதெல்லாம் எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் இன்று கேட்டால், தமிழில் செருகி வெட்டி வேலை பார்ப்பவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மச்சினனுக்கு அந்தக் கவலை கிடையாது. அவன் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பான். மின்ட்டை ஏற்றி நிறுவ, ஞாயிற்றுக்கிழமை 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதில் கல்யாண வீடியோ இருந்தால் முதலிலேயே வேறெங்காவது நகலெடுத்து வைத்துவிடு, உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.