எந்த வருஷத்து 9? மெக்கானோ எண்ணும் லெகோ எண்ணும்

நட்டு போல்ட் போட்டுப் பூட்டி மாடல் செய்யும் மெக்கானோ விளையாட்டின் பழைய பெட்டியைக் காட்டி “இது 9-ம் நம்பர் செட்” என்று யாராவது விலை சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்த வருஷத்து 9? 1970-க்கு முந்தைய 9 என்றால் அது நிஜமான 9. அதற்குப் பிந்தையது என்றால், எண்ணை மாற்றிக்கொண்டு வந்த பழைய 8. இதைக் கேட்காமல் நான் ஒருமுறை வாங்கினேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, மூடியில் 9 என்றுதான் போட்டிருந்தது. நான் வைத்திருந்த கையேடுதான் அதைவிடப் பழையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து தகடுகளையும் பல்சக்கரங்களையும் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணி, இரண்டு முறை திட்டி, சாயங்காலம்தான் விஷயம் புரிந்தது.

மெக்கானோவின் எண் ஒரு படிக்கட்டு. குமிழ் வைத்த பிளாஸ்டிக் செங்கற்களான லெகோவின் எண் ஒரு விலாசம். இரண்டுமே மாறிக்கொண்டே வந்தவை, ஆனால் மாறும்போது உண்டாகும் குழப்பம் ஒன்றுபோல் இல்லை.

முதலில் படிக்கட்டு. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை வாங்கிய விளையாட்டு இது. மெக்கானோ என்ற பெயர் 1907-ல் வந்தது. துளை போட்ட உலோகப் பட்டைகள், நட்டு, போல்ட், சக்கரம், அச்சு, இவ்வளவுதான். செட்டுகளுக்கு வரிசையாக எண். எண் கூடக் கூடப் பாகங்கள் கூடும். நடுவில் ‘ஏ’ போட்ட துணைப் பெட்டிகள் உண்டு. 4-ம் செட் வைத்திருக்கும் பையனுக்கு 4ஏ வாங்கிக் கொடுத்தால் அவனிடம் இருப்பது 5. அடுத்த கிறிஸ்துமஸுக்கு 5ஏ வந்தால் 6. பொம்மைக் கடை எண்களில் இதைவிடச் சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. எண்ணைப் பார்த்தாலே கையில் என்ன இருக்கிறது, அடுத்து எதற்குக் காசு சேர்க்க வேண்டும் என்று பையனுக்குத் தெரிந்துவிடும்.

படிக்கட்டில் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் ஒரு படியை எடுத்தாலோ சேர்த்தாலோ மற்றதெல்லாம் நகர்ந்தாக வேண்டும். 1934 வரை 00-லிருந்து 7 வரை போன வரிசையைத் தூக்கிவிட்டு ஆங்கில எழுத்துகளைக் கொண்டு வந்தார்கள். பழைய 7 ‘எல்’ ஆனது. மூன்றே வருஷம்தான், 1937-ல் எழுத்துகள் போய் மறுபடி எண்கள், இந்த முறை 0 முதல் 10 வரை. உச்சிப்படியான புது 10, பழைய ‘எல்’லைவிடச் சின்னது! 1970-ல் இன்னொரு தடவை கலைத்தார்கள். பழைய 9-ஐ நிறுத்திவிட்டு, 1 முதல் 8 வரை இருந்தவற்றை 2 முதல் 9 ஆக்கினார்கள். 10 மட்டும் அப்படியே நின்று, 1992 வரை பெரிய மாற்றம் இல்லாமல் ஓடியது. ஆக, மெக்கானோவில் நம்பி வாங்கக்கூடிய ஒரே எண் என்றால் 10 தான். மற்ற எதற்கும் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அர்த்தம்.

சரி, லெகோ. அங்கே ஒரு செட் இன்னொன்றின் மேல் படி இல்லை, அதனால் கூட்டல் கணக்குக்கு இடமில்லை. எண் சொல்வதெல்லாம் அந்தப் பெட்டி எந்தத் தெருவைச் சேர்ந்தது என்பதைத்தான். எழுபதுகளில் மூன்று இலக்கம், அதிலும் நாட்டுக்கு நாடு வேறு. 1979-ல் வந்த கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் விண்கலம் அமெரிக்காவில் 497, ஐரோப்பாவில் 928. உள்ளே இருப்பது ஒரே கலம். ஐரோப்பாவில் 375 என்று வந்த மஞ்சள் கோட்டை அமெரிக்கப் பெட்டியில் 6075.

எண்பதுகளில் நான்கு இலக்கம் நிலைபெற்றது. என்னைக் கேட்டால் லெகோ எண்களின் பொற்காலம் அதுதான். 60-ல் தொடங்கினால் கோட்டை, 62 என்றால் கடற்கொள்ளையர், 69 என்றால் விண்வெளி, 88 என்றால் டெக்னிக் என்ற இயந்திர மாடல்கள். கடைசி இரண்டு இலக்கம் பெரிதானால் பெட்டியும் பெரிதாக இருக்கும் என்று ஏறக்குறைய நம்பலாம். 6080 ராஜாவின் கோட்டை, 6285 பெரிய கொள்ளையர் கப்பல், 8880 சூப்பர் கார். அலமாரியில் முதுகைக் காட்டி நிற்கும் பெட்டியை எண்ணை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

ஒரு தெருவில் நூறு வீடுதானே கட்ட முடியும்? வருஷத்துக்கு வருஷம் செட்டுகள் பெருகின, இடம் போதவில்லை. 1999-ல் ஸ்டார் வார்ஸ் சினிமா வரிசை உள்ளே வந்த பிறகு நடந்ததை, அதில் வரும் மில்லேனியம் ஃபால்கன் என்ற ஒரே விண்கப்பலை வைத்துப் பார்க்கலாம். 2000-ல் 7190. 2004-ல் 4504. 2007-ல் பெரியவர்களுக்கான பிரம்மாண்டமான பதிப்பு, 10179. 2011-ல் திரும்பவும் நான்கு இலக்கம், 7965. 2015-ல் 75105. 2017-ல் 7,541 பாகங்களோடு 75192. ஒரே கப்பல், ஒரே பெயர், எண்ணைப் பார்த்து எது முன், எது பின் என்று சொல்ல முடியுமா? 7190-க்கும் 7965-க்கும் நடுவில் 4504 உட்கார்ந்திருக்கிறது.

2013 வாக்கில் முக்கியமான வரிசைகள் எல்லாம் ஐந்து இலக்கத்துக்கு மாறின. 42 டெக்னிக், 60 சிட்டி என்ற நகர வரிசை, 75 ஸ்டார் வார்ஸ். இந்த 60-க்கும் பழைய கோட்டைகளின் 60-க்கும் சம்பந்தமே இல்லை. 6080 என்று எழுதும்போது கை தவறி நடுவில் ஒரு பூஜ்யம் கூடினால் 60080, ராஜாவின் கோட்டை போய் 2015-ன் ராக்கெட் ஏவுதளம் வந்து நிற்கும். இப்போதைய எண்ணில் பெட்டியின் பருமனும் தெரியாது. சின்னதோ பெரிதோ, அது பாட்டுக்கு வரிசையில் அடுத்த எண்ணை வாங்கிக்கொள்ளும்.

பாகங்களின் எண்ணிலும் இதே கதைதான். இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள செங்கலின் வடிவ எண் 3001, சிவப்பின் எண் 21, சேர்த்தால் 300121. பிறகு வந்த ஏழு இலக்க எண்களில் வடிவமும் தெரியாது, நிறமும் தெரியாது.

இவை தவிர மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது, அது எந்தக் கம்பெனியும் போட்டதல்ல. லெகோ பழைய எண்களைத் திரும்பப் பயன்படுத்திவிடுவதால், பிரிக்லிங்க், பிரிக்செட் போன்ற இணையப் பட்டியல்கள் பின்னால் ஒரு கோடு போட்டு 1, 2 என்று சேர்த்துக்கொண்டன. அங்கே அந்த மஞ்சள் கோட்டை 375-2. பார்க்க அழகாக இல்லை, ஆனால் வேலை நடக்கிறது. மெக்கானோக்காரர்கள் 9-க்குப் பின்னால் ஆண்டைச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

புதுசாக வாங்கித் தந்த அப்பா அம்மாவுக்கு மெக்கானோ கணக்கு சுலபமாக இருந்தது. எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறவர்களுக்கு எண்பதுகளின் நான்கு இலக்கம். என்னைப்போலப் பழைய பெட்டி வாங்குகிறவனுக்கு, எதுவும் சொல்லாத அந்த ஐந்து இலக்கம் போதும். ஃபால்கன் என்று கேட்டால் எதையாவது நீட்டுவார்கள். 75192 என்று கேட்டால் ஒன்றுதான்.

ஒரே பொருளுக்கு இரண்டு எண் கொடுத்தாலும் அதில் ஒரு நன்மை இருக்கிறது என்பதை லெகோவின் தாஜ் மஹால் செட்டில்தான் பார்த்தேன். 2008-ல் 5,922 பாகங்களோடு வந்தது 10189. அதையே 2017-ல் 10256 என்று மறுபடி வெளியிட்டார்கள், பாகங்கள் 5,923. அதிகமாக வந்த அந்த ஒன்று, ஒட்டிக்கொண்ட செங்கற்களைப் பிரித்தெடுக்கும் ஆரஞ்சு நிற நெம்புகோல்.