புரதம் மிகுந்த உணவு: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு என் மதிப்பீடு

உணவில் புரதத்தின் அளவைக் கூட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. தொடங்கியபோது எனக்கு வயது 44, எடை 78 கிலோ, பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்திருந்தது, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. சோற்றைக் குறைக்கவும் எடை தூக்கிப் பயிற்சி செய்யவும் மருத்துவர் சொன்னார். குறைத்த சோற்றின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு விடையாகத்தான் புரதம் என் தட்டுக்கு வந்தது. இந்த உணவுமுறையைப் புகழ்ந்து பேசுவோரில் பலர் ஓரிரு மாதம் கடைப்பிடித்தவர்கள் என்பதால், நெடுநாள் இதோடு வாழ்ந்தபின் தெரியவந்தவற்றை எழுதுகிறேன்.

எவ்வளவு புரதம் வேண்டும் என்பதில்தான் முதல் குழப்பம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். பன்னாட்டு விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017-இல், உடற்பயிற்சி செய்பவர்களில் பெரும்பாலோருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்றது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த கட்டுரை, எடைப் பயிற்சி செய்பவர்களிடம்கூட ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் தென்படவில்லை என்று காட்டியது. ஜிம்மில் அடிக்கடி காதில் விழும் ‘கிலோவுக்கு மூன்று கிராம்’ என்ற பேச்சை, வாரத்தில் மூன்று நாள் பயிற்சி செய்யும் என் போன்றவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. நான் 1.4 கிராமில் நின்றேன். அதாவது நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்று மேல்.

அதுவரை நான் சாப்பிட்டுவந்ததைக் கணக்கிட்டபோது ஐம்பது கிராம்கூடத் தேறவில்லை. ‘நாம்தான் தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே’ என்று எல்லா வீடுகளிலும் சொல்வார்கள். துவரம்பருப்பில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம் இருப்பது உண்மையே. ஆனால் நான்கு பேருக்கு நூறு கிராம் பருப்பு போட்டு வைக்கும் சாம்பாரில் ஒருவர் பங்குக்குக் கிடைப்பது ஐந்தரை கிராம்தான். வேர்க்கடலையில் 25 கிராம் இருக்கிறது, கூடவே 560 கலோரிக்கு மேல் வருகிறது. எடை குறைக்க நினைப்பவர் அதைப் புரதத்துக்காக அள்ளிச் சாப்பிட முடியாது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். உடன் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும், 12 விழுக்காடு மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது என்று அது கூறியது. மாவுச்சத்தின் கலோரியில் 5 விழுக்காட்டைத் தாவரப் புரதத்துக்கோ பால் புரதத்துக்கோ மாற்றினால் நீரிழிவு அபாயம் குறைவதாகவும் அதே ஆய்வு காட்டியது. இந்த உணவுமுறை இவ்வளவு பரவுவதற்கு ஜிம் மோகம் மட்டும் காரணம் அல்ல என்று நான் நம்புவதற்கு இந்த எண்களே போதும்.

சமையலறையில் நேர்ந்த மாற்றம் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. காலையில் அரிசி ஒரு பங்கும் பருப்புகள் இரண்டு பங்குமாக அரைத்த அடை அல்லது பாசிப்பயறு தோசை, கூடவே இரண்டு முட்டை. மதியம் ஒரு கிண்ணம் சோறு, மீன், கோழி, மீல்மேக்கர் ஆகியவற்றில் ஒன்று, கெட்டித் தயிர். மாலையில் கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் சப்பாத்தியோடு பனீர் அல்லது மீண்டும் முட்டை. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது; அவற்றில் லைசின் அரிசிப் புரதத்தில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். இட்லியும் பொங்கலும் அடையும் இந்தச் சேர்க்கையில்தான் அமைந்திருக்கின்றன. நாம் மாற்ற வேண்டியது விகிதத்தை மட்டுமே.

இவற்றுள் மீல்மேக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த நிலையில் நூறு கிராமுக்கு 52 கிராம் புரதம் உள்ள, மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருள் இது; இருந்தும் அதன் வாடையால் பலர் ஒதுக்குகிறார்கள். கொதிக்கும் உப்பு நீரில் பத்து நிமிடம் போட்டு, கைப்பொறுக்கும் சூட்டில் ஒட்டப் பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி மறுபடியும் பிழிந்தால், மஞ்சளாக நுரைத்து வரும் அந்த நீரோடு வாடை போய்விடும். பிறகு தயிர், மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுதில் அரை மணி நேரம் ஊறவைத்து, இரும்பு வாணலியில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, ஓரங்கள் சிவக்கும்வரை சுருளக் கிளறினால் சோற்றுக்கு வேறு தொட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஒருவருக்கு ஐம்பது கிராம் போதும். ஒரு நாளுக்கான புரதத்தில் பாதி ஒரே வேளையில் வேண்டாம் என்பதால் அதற்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை.

புரதப் பவுடரையும் பயன்படுத்திப் பார்த்தேன். பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படும் வே புரதம் தரமானது, எளிதில் செரிப்பது. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நான் முதலில் வாங்கிய கான்சன்ட்ரேட் வகை வயிற்றை உப்பச் செய்தது. அதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் மிச்சம் இருக்கும். லாக்டோஸ் பெரும்பாலும் நீக்கப்பட்ட ஐசோலேட் வகைக்கு மாறியதும் தொல்லை நின்றது, விலை ஏறியது. பெரிய சிக்கல் நம்பகத்தன்மையில் இருக்கிறது. ஆய்வகத்தில் புரதத்தை வழக்கமாக அளப்பது நைட்ரஜனைக் கொண்டு என்பதால், கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து எண்ணைக் கூட்டிக் காட்ட முடியும். இந்தியச் சந்தையில் விற்ற 36 பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. அதே ஆண்டு ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் தசையைப் பெருக்கப் பவுடரை நாட வேண்டாம் என்றே அறிவுறுத்தின. முட்டை ஏழு ரூபாய் என்று கொண்டால் ஒரு கிராம் புரதம் ஒரு ரூபாய் சொச்சம். நான் வாங்கிய பவுடரில் அது மூன்று ரூபாய்க்கு மேல் வந்தது. இப்போது வெளியூர்ப் பயணங்களுக்கு மட்டுமே ஒரு டப்பா வைத்திருக்கிறேன். ‘புரதம் நிறைந்தது’ என்று அட்டையில் அச்சிட்டு வரும் பிஸ்கட்டுகளை வாங்குவதில்லை. அவற்றில் சர்க்கரையும் கொழுப்புமே முன்னால் நிற்கின்றன.

பலன் என்ன என்றால், எடை 71 கிலோவுக்கு வந்து அங்கேயே நிற்கிறது, எச்பிஏ1சி 5.6 ஆகியிருக்கிறது, முன்பு பதினொரு மணிக்கெல்லாம் டீயும் வடையும் தேடவைத்த பசி இப்போது வருவதில்லை. இவற்றைப் புரதத்தின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனமில்லை. தோள்பட்டை வலியால் பயிற்சியை நிறுத்தியிருந்த மாதங்களில் இதே அளவு புரதம்தான் சாப்பிட்டேன். ஆனாலும் இடுப்பளவு கூடியது, தூக்கும் எடை குறைந்தது. தசைக்கு வேலை கொடுக்காமல் புரதத்தை மட்டும் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை போனது அப்போதுதான்.

தொல்லைகளும் உண்டு. தொடக்கத்தில் மலச்சிக்கல் வந்தது. கீரையும் கொய்யாவும் தட்டில் ஏறிய பிறகே சரியானது. யூரிக் அமிலம் 7.4 வரை போனது. நெத்திலிக் கருவாட்டையும் ஆட்டு ஈரலையும் அடிக்கடி சேர்த்ததே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினார். அவற்றை அரிதாக்கியதும் 6-க்கு அருகில் இறங்கிவிட்டது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கு இந்த அளவுப் புரதம் கேடு செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் நம் ஊரில் நீரிழிவும் ரத்த அழுத்தமும் பலருடைய சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் பாதித்திருக்கின்றன, அவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின் பரிசோதனைகளைச் செய்துகொள்ளாமல் யாரும் இதைத் தொடங்கக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

இந்த அலை சென்றடைய வேண்டியவர்களைச் சென்றடையவில்லை என்பதே என் பெரிய ஆதங்கம். விளம்பரங்கள் இருபது வயது இளைஞர்களை நோக்கிப் பேசுகின்றன. தசை கரைந்து, தரையிலிருந்து எழக் கையூன்றும் எழுபது வயதுப் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. முதியோருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-இலேயே முதுமை மருத்துவ வல்லுநர் குழு பரிந்துரைத்திருக்கிறது. என் அம்மா இரவில் ரசம் சோறோ கஞ்சியோதான் சாப்பிடுவார். மீனும் முட்டையும் எங்களுக்கு எடுத்துவைத்துவிட்டுக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்வார். அவருடைய ரத்தம், சிறுநீர் முடிவுகளைப் பார்த்து மருத்துவர் ஒப்புக்கொண்ட பின், கஞ்சியில் பாசிப்பருப்பைப் பாதிக்குப் பாதி ஆக்கினோம், காலையில் ஒரு முட்டையும் மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்த்தோம். “எனக்கெதுக்குப்பா இதெல்லாம், நீங்க சாப்பிடுங்க” என்று சில வாரம் மறுத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழும் பயிற்சியையும் என் மனைவி அவருக்குப் பழக்கினார். இப்போது மாடிப்படியில் பாதியில் நிற்காமல் ஏறுகிறார், சுண்டலுக்குத் தேங்காய் போதவில்லை என்று குறையும் சொல்கிறார். வீட்டில் யாருடைய புரதத்தை முதலில் கணக்கிட வேண்டும் என்று யாரேனும் என்னைக் கேட்டால், கடைசியில் சாப்பிட உட்காருபவருடையதை என்பேன்.