சாங்கியா, லிம் சூ காங்கா? சின்ன வண்டியில் ஞாயிற்றுக்கிழமை உலா

வண்டி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. கைமாறி வந்த ஸ்விஃப்ட். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, இன்னும் நான்கு வருடம் ஓடும். ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கிய கையோடு அம்மா கேட்டார்: "சரி, இதுல நாம எங்கம்மா போறது?"

வேலைக்கு நான் இன்றும் எம்ஆர்டி ரயிலில்தான் போகிறேன். வண்டி வாங்கியதே ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. பேருந்தில் ஏறி இறங்க முடியாமல் இரண்டு வருடமாக வீடு விட்டால் பாலிகிளினிக், பாலிகிளினிக் விட்டால் வீடு என்று இருந்தார். அதனால் அந்தக் கேள்விக்கு நல்ல பதிலாகத் தேடித் தர வேண்டும் என்று எனக்கு இருந்தது. வீட்டுக்காரருக்கு ஞாயிறு பெரும்பாலும் ஷிஃப்ட். நானும் அம்மாவும் பத்து வயது மகனுமாக நான்கைந்து வழிகளை மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தோம்.

எங்கள் வீடு புக்கிட் பாத்தோக்கில். தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிற லிம் சூ காங் பக்கம்தான் எங்களுக்குக் கிட்ட. ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பப் போவது கிழக்குக் கோடியில் இருக்கிற சாங்கிக்கு.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தீவே கிழக்கு மேற்காக ஐம்பது கிலோமீட்டர்தான். சின்ன எஞ்சினுக்கு எந்தப் பக்கம் போனாலும் பெட்ரோல் பெரிதாக வித்தியாசப்படாது. ஞாயிற்றுக்கிழமை இஆர்பி என்கிற சாலைக் கட்டணமும் கிடையாது.

முதலில் லிம் சூ காங். ஓட்டுகிற சுகத்தை மட்டும் கேட்டால் சிங்கப்பூரில் இதற்கு மிஞ்சிய சாலை இல்லை என்பேன். 2006இல் அரசிதழில் அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட ஐந்து மரபுச் சாலைகளில் இதுவும் ஒன்று. மண்டாய், சவுத் புவன விஸ்தா, மவுண்ட் பிளசன்ட், ஆர்கேடியா ஆகியவை மற்ற நான்கு. இந்தச் சாலைகளின் இரு ஓரமும் பத்து மீட்டர் அகலத்துக்குப் பசுமையைத் தொடக் கூடாது. சுவா சூ காங் இடுகாடுகளைத் தாண்டியதும் அடுக்குமாடி வீடுகள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அப்புறம் மழைமரங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் கிளைகள் வந்து தலைக்கு மேல் கோத்துக்கொள்ள, காலை வெயில் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்து ஓடும். நடுவில் தெங்கா விமானத் தளத்தை ஒட்டி முன்பு ஒரு நேர்கோட்டுப் பகுதி இருந்தது. விமானப் படை அவசரத்துக்கு ஓடுபாதையாகப் பயன்படுத்திய இடம் அது. விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, ஏறக்குறைய 2,500 மீட்டர் நீளத்துக்குச் சாலையை ஓடுபாதை ஆக்கினார்கள். 2016இல் நடந்த பயிற்சியில் எஃப்-16 எல்லாம் இங்கே இறங்கி ஏறின. இதைச் சொன்னதிலிருந்து அந்தப் பக்கம் வந்தாலே மகன் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வான்.

சாலை கடைசியில் படகுத்துறையில் போய் முடிகிறது. எதிரே மலேசியாவின் ஜோகூர். திரும்பி வந்து நியோ தியூ சாலையில் வளைந்தால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம், கிராஞ்சி நீர்த்தேக்கம் என்று ஒரு சுற்று முடிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று: வண்டியை நிறுத்த முடியாது.

இந்த ஊரில் ஒரு சாலையின் அழகு இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். மலைப்பாதை மாதிரி மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டே இருக்க இடமில்லை. ஆக, நாம் ஓட்டப் போவது கொஞ்ச நேரம், நிற்கப் போவது அதிக நேரம். நான் முதல் இரண்டு மாதம் இதை யோசிக்கவே இல்லை. எந்தச் சாலை அழகு என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலிக்காரர், சின்னப் பிள்ளை என்று கூட்டிப் போகிறவர்களுக்கு நிற்கும் இடம்தான் எல்லாம். நிழல் வேண்டும். கழிவறை எட்டும் தூரத்தில் வேண்டும். சூடாக ஒரு கோப்பி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்காமலேயே பார்க்க ஏதாவது வேண்டும்.

லிம் சூ காங்கில் ஒரு காலையில் அம்மா, "அந்த மரத்தடியில கொஞ்சம் நிறுத்தும்மா, காத்து நல்லா வருது" என்றார். ஓரத்தில் கோடு, அதைத் தாண்டினால் புல். புல்லில் ஏற்றினால் அபராதம். வேகத்தைக் குறைத்து இடம் தேடுவதற்குள் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து ஒட்டி நின்றது. நான் உரிமம் எடுத்து ஒரு வருடம் முடியவில்லை, கண்ணாடியில் முக்கோண அட்டை இன்னும் இருக்கிறது. கை வேர்த்துவிட்டது. மரம் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து அம்மாவுக்குக் கழிவறை தேவைப்பட்டது. வாய்விட்டுக் கேட்கத் தயங்கி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுங்கை பூலோ கார்நிறுத்தம் வரும் வரை நான் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை.

சுங்கை பூலோவில் நிறுத்த வசதி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் நடந்து போனால்தான். நடக்கக்கூடியவர்களுக்கு அது சொர்க்கம்; செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். கிராஞ்சி அணைப் பக்கம் மாலையில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். அழகுதான். ஆனால் நிழலும் இல்லை, ஒரு வாய் கோப்பிக்கும் வழியில்லை.

மண்டாய், தாம்சன் பக்கம் எங்களுக்கு மூன்று முறை அனுபவம். பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்தது. இன்று அது ஒருவழிப் பாதை, ஒரே தடம், காடு இரண்டு பக்கமும் கிட்டவே வந்து நிற்கிறது. அந்த வளைவுகளில் பந்தய வண்டிகள் போனதை நினைத்துக்கொண்டு மெதுவாகப் போவது தனி சுகம். அங்கிருந்து பிரிந்து மேலே ஏறினால் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம். நிறுத்த இடம் உண்டு, தண்ணீரும் பக்கம். ஆனால் குரங்குகள். ஜன்னலை இறக்கி வைத்திருந்த இரண்டு நிமிடத்தில் ஒன்று கையை உள்ளே விட்டு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா பயந்துபோனார். ஜன்னலை ஏற்றிக்கொண்டு ஏசியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சவுத் புவன விஸ்தா சாலையின் வளைவுகள் ஓட்டுகிறவருக்குத்தான். பின்னால் உட்கார்ந்தவருக்கு வயிற்றைப் புரட்டும். ஒரு முறையோடு விட்டுவிட்டோம்.

ஜோகூரில் இருக்கிற தேசாரு கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் அதை விட்டால் வேறில்லை என்கிறார்கள். நாங்கள் ஒரே ஒரு முறைதான் போனோம், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். செனாய்–தேசாரு நெடுஞ்சாலை 77 கிலோமீட்டர், வண்டியை நன்றாக விட்டு ஓட்டலாம். போய்ச் சேர்ந்தால் தென்சீனக் கடல், அலை என்றால் அதுதான் அலை. ஆனால் அது உலா இல்லை, பயணம். முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் நம் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. மலேசியாவுக்குள் நுழைய விஇபி என்கிற வாகன அனுமதி வேண்டும், 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். காப்புறுதி அந்தப் பக்கமும் செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பாலத்தில் வண்டி ஊர்ந்த நேரத்தில் அம்மாவின் கால் வீங்கியதைத்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை. பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் மறுபடி போவேன்.

இப்போது சாங்கி.

காலை ஆறே காலுக்குக் கிளம்பிவிடுவோம். பிஐஇ விரைவுச்சாலை மொத்தமே 42.8 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதியை ஓட்டிவிடுகிறோம். அந்த நேரத்தில் சாலை காலி. சில நாள் லோயாங் துவா பெக் கோங் கோயிலில் ஒரு கும்பிடு. சீனத் தெய்வங்களோடு நம் பிள்ளையாரும் அங்கே இருக்கிறார், கெராமாட் என்கிற மலாய்ப் புனிதத் தலமும் இருக்கிறது. அப்புறம் சாங்கி வில்லேஜ். உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக்குக்கு வரிசை நீளும் முன்பே மூன்று பொட்டலமும் ஃபிளாஸ்கில் தேநீரும் வாங்கிக்கொண்டு நிக்கல் டிரைவில் திரும்புவோம். கடற்கரைப் பூங்காவை ஒட்டிக் கார்நிறுத்தங்கள் வரிசையாக வரும். ஒன்றில் இடமில்லை என்றால் அடுத்தது.

இங்கேதான் சின்ன வண்டியின் அருமை தெரிகிறது. கார்நிறுத்தக் கட்டம் ஒன்று 4.8 மீட்டர் நீளம். ஸ்விஃப்ட் 3.84 மீட்டர். ஏறக்குறைய ஒரு மீட்டர் மிச்சம். அம்மா வந்தால் வண்டியின் மூக்கைக் கடலைப் பார்த்து நிறுத்துவேன். அவர் இருக்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, மடியில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டால் போதும். முன்கண்ணாடி முழுக்கப் புல், மணல், கடல், நங்கூரமிட்ட கப்பல்கள். நானும் மகனும் மட்டும் போனால் பின்புறமாக நிறுத்துவோம். பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை. கட்டத்துக்குள் மிச்சமிருக்கும் இடத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து தே குடிக்கலாம், யார் வழியிலும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. பெரிய வண்டிக்கு இந்த வசதி இல்லை.

ஏழு மணி வாக்கில் சூரியன் எதிரில் எழும். விமானங்கள் தலைக்கு மேல் வரும். இதில் ஒரு கணக்கு உண்டு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குக் காற்று, அதனால் விமானங்கள் வடக்கிலிருந்து வந்து இந்தக் கடற்கரைக்கு மேலேயே தாழ இறங்குகின்றன. சக்கரம் தெரியும், வயிற்றில் எழுதியிருப்பது தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று, அப்போது பெரும்பாலும் மறுபக்கம் இறங்கி இந்தப் பக்கம் மேலேறும். ஜூலையில் ஒரு காலை பெரிய விமானம் ஒன்று எங்கள் மேல் நிழல் போட்டுக்கொண்டு போனது. அம்மா பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "எண்பத்து நாலுல நான் திருச்சிலேருந்து மெட்ராஸ் போயி, அங்கேருந்து இப்படித்தான் இறங்கினேன். கீழே யாரு நின்னு பாத்தாங்களோ." இந்தக் கதையை நாற்பது வருடத்தில் எனக்கு அவர் சொன்னதே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மாலை ஐந்துக்கு மேல் போனால் இடம் கிடைக்காது. கூடாரமும் அடுப்புமாகக் குடும்பங்கள் வந்துவிடும். கடலும் தேசாரு மாதிரி இல்லை, அலை சிறிது. காலையில் மிதிவண்டிக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். ஒரே தடம் உள்ள சாலை தவிர மற்றவற்றில் இரண்டு வரிசையில் பத்துப் பேர் வரை சேர்ந்து போக அவர்களுக்கு அனுமதி உண்டு. ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டுத்தான் முந்த வேண்டும், முடியாவிட்டால் பின்னாலேயே பொறுமையாகப் போக வேண்டியதுதான். அவசரமாகப் போக நமக்கும் அங்கே ஒன்றுமில்லை.

தனியாக ஓட்ட ஆசை வந்தால் நான் இன்னும் லிம் சூ காங்குக்குத்தான் போகிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு அது போதும்.

சாங்கிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விமான நிலையப் பக்கத்திலிருந்து நுழையாதீர்கள். வில்லேஜ் பக்கத்திலிருந்து நுழையுங்கள். அப்படிப் போனால் கடல் உங்கள் இடது பக்கம் வரும். கார்நிறுத்தங்களும் இடது பக்கமே, எதிர்வண்டியைக் கடந்து திரும்ப வேண்டியதில்லை. முக்கோண அட்டைக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவரும் இடது பக்கம்தானே. அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு, கையை விளிம்பில் வைத்துக்கொண்டு, நான் நிறுத்துவதற்கு முன்பே கடலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.